இன்றைய சீனச் சமூகத்தைப் படிப்பவர்களுக்கான மாநாடுகளும் கருத்தரங்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனா என்றாலே நம் பேச்சில் எல்லைத் தகராறும் இறக்குமதிச் சாமான்களும்தான் வருகின்றன. அங்கே இருக்கும் சுமார் 140 கோடிப் பேர் எப்படிப் படிக்கிறார்கள், எந்த ஊருக்கு வேலைக்குப் போகிறார்கள், வயதான அப்பா அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. அப்படிக் கேட்கத் தொடங்கியிருக்கும் மாணவர்களும் இளம் ஆய்வாளர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சீனச் சமூக ஆய்வு என்றால் அதில் எதெல்லாம் வரும்?

குடும்பம், கல்வி, வேலை, இடப்பெயர்ச்சி, முதுமை, மதம், சாதாரண மக்களின் இணைய வாழ்க்கை என்று எல்லாமே வரும். ஆனால் எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே ஹூகோவ் நிற்கும். 1958-ல் சட்டமான குடும்பப் பதிவு முறை அது. ஒருவர் எந்த ஊரைச் சேர்ந்தவர், கிராமத்தாரா நகரத்தாரா என்பதை அரசு அதில் குறித்துவைத்திருக்கும். முதலில் நான் அதை நம் ரேஷன் அட்டையைப் போல ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைவிட மிகவும் கனமான காகிதம் அது. பிள்ளையின் பள்ளிக்கூடம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் அதோடு கட்டப்பட்டிருக்கின்றன.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 37.6 கோடிப் பேர் பதிவான ஊரைவிட்டு வேறு இடத்தில் வாழ்கிறார்கள். 2022-ல் மக்கள்தொகை 8.5 லட்சம் குறைந்தது. 1961-க்குப் பிறகு அப்படிக் குறைந்தது அதுவே முதல் முறை. 2023 ஜூனில் நகரத்து இளைஞர்களின் வேலையின்மை 21.3 சதவீதத்தைத் தொட்டது. உடனே அந்த எண்ணை வெளியிடுவதையே சில மாதம் நிறுத்தி, மாணவர்களைக் கழித்துவிட்டுப் புதிய கணக்கைத் தொடங்கினார்கள். ஓட்டப்பந்தயமாகிப்போன படிப்பையும் வேலையையும் குறிக்க ‘நெய்ஜுவான்’ என்கிறார்கள் அங்குள்ள இளைஞர்கள். போதும், விட்டுவிட்டேன் என்று ஒதுங்குவதற்கு ‘தாங்பிங்’, அதாவது மல்லாந்து படுத்துவிடுவது. இந்த இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டே சில ஆண்டுகளாகப் பல அமர்வுகள் நடந்திருக்கின்றன.

புத்தகமும் கட்டுரையும் படித்தால் போதாதா? மாநாட்டுக்கு எதற்குப் போக வேண்டும்?

என் முதல் அனுபவத்தைச் சொல்கிறேன். தென்சீனத் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி, மற்றவர்கள் எடுத்த பேட்டிகளை வைத்து ஒரு கட்டுரை வாசித்தேன். நாற்பது வயதில் வேலையை விட்டு ஊர் திரும்பிய ஓர் அம்மா அதில் வருவார். தொழிற்சாலை துரத்திவிட்டது என்று எழுதியிருந்தேன். பின்வரிசையில் இருந்த சீனப் பேராசிரியை ஒருவர் கையைத் தூக்கினார். “அந்த அம்மாவின் மகன் காவ்காவ் தேர்வு எழுத எங்கே போனான்?” அவ்வளவுதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

காவ்காவ் என்பது ஒவ்வொரு ஜூனிலும் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. பொதுவாகப் பதிவான மாகாணத்தில்தான் அதை எழுத வேண்டும். பாடத்திட்டமும் போட்டியும் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். அதனால் பிள்ளைக்குப் பதினாலு, பதினைந்து வயதானதும் நகரத்தில் வேலை பார்க்கும் குடும்பம் இரண்டாகப் பிரியும். அம்மா வேலையை விட்டு, பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, சமைத்துப்போட்டுப் பிள்ளையைப் படிக்கவைப்பார். ‘பெய்தூ’ என்று இதற்குப் பெயரே இருக்கிறது. என் கட்டுரையில் இருந்த அம்மாவும் அப்படித்தான் போயிருக்கிறார். பேட்டியிலேயே அதற்கான தடயம் இருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பிறகு கட்டுரையை முழுதாகத் திருப்பி எழுதினேன். நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்ட இடத்தை எந்தப் புத்தகமும் கையைப் பிடித்துக் காட்டாது. அந்த வாழ்க்கைக்குள் இருந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் வாய்திறந்து பேசினால்தான் அது தெரியவரும்.

மாநாடு, கருத்தரங்கு, பயிலரங்கு: என்ன வித்தியாசம்?

மாநாடு பெரியது. நூற்றுக்கணக்கில் அமர்வுகள் இருக்கும், ஒருவருக்குப் பதினைந்து இருபது நிமிடம் கிடைக்கும். கருத்தரங்கில் பெரும்பாலும் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பயிலரங்கில் பத்துப் பதினைந்து பேர் முழுக் கட்டுரையையும் முன்கூட்டியே படித்துவிட்டு வந்து வரிவரியாக அலசுவார்கள். முனைவர் பட்ட மாணவருக்கு அதிகம் பயன்படுவது பயிலரங்குதான். மூன்று மாநாட்டுக்குப் போகும் பணம் இருந்தால் ஒரு மாநாட்டுக்கும் ஒரு நல்ல பயிலரங்குக்கும் போங்கள், மிச்சத்தை மொழி படிக்க வையுங்கள்.

உலக அளவில் எவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்?

முதலில் ஆசிய ஆய்வுகளுக்கான சங்கம். அமெரிக்காவில் 1941-ல் தொடங்கியது, ஏ.ஏ.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். ஆண்டுதோறும் மார்ச் வாக்கில் வட அமெரிக்க நகரம் ஒன்றில் கூடும். கட்டுரைச் சுருக்கத்தை ஏழெட்டு மாதங்களுக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். விசா, விமானச் செலவு எல்லாம் பார்த்தால் நமக்கு மலைப்பாக இருக்கும். அந்தச் சங்கமே 2014 முதல் ஆசியாவிலும் ஒரு மாநாடு நடத்துகிறது. சிங்கப்பூரில் தொடங்கியது. 2018-ல் தில்லிக்கு வந்தது, 2025-ல் காத்மாண்டுவில் நடந்தது. நம் ஊரிலிருந்து போக இதுதான் வசதி.

தில்லி மாநாட்டுக்குப் பாகிஸ்தான் ஆய்வாளர்களுக்கு விசா மறுக்கப்பட்டது, உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் அதைக் கண்டித்தார்கள். அறிவுலகக் கூட்டத்தின் கதவைப் பூட்டுவதில் எந்த அரசும் விதிவிலக்கில்லை என்பதை அப்போது நம் வீட்டு வாசலிலேயே பார்த்தோம்.

ஐகாஸ் என்று அழைக்கப்படும் ஆசிய ஆய்வாளர்களின் சர்வதேச மாநாடு 1998-ல் நெதர்லாந்தில் தொடங்கியது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஊர் மாறி மாறி நடக்கும். 2024-ல் இந்தோனேசியாவின் சுரபயாவில் நடந்தது. ஐரோப்பியச் சீனவியல் சங்கம் 1975-ல் பிறந்தது, அதன் மாநாடும் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான். 2024-ல் எஸ்டோனியாவின் தாலின் நகரில் கூடினார்கள். அங்கே பழைய இலக்கியம், தத்துவம் எல்லாம் சேர்ந்தே இருக்கும். நம் ஆள்கள் எந்த அறையில் என்று நிகழ்ச்சி நிரலில் தேடிப் பிடிக்க வேண்டும். பிரிட்டன் சீன ஆய்வுச் சங்கம் ஆண்டுதோறும் கூடுகிறது, அளவில் சிறியது, புதியவர்களிடம் அன்பாக இருப்பார்கள்.

சமூகவியல் மாணவர் என்றால் வட அமெரிக்கச் சீனச் சமூகவியலாளர் சங்கத்தையும் கவனியுங்கள். அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் ஆண்டு மாநாட்டையொட்டி ஒருநாள் கூட்டம் நடத்துவார்கள். அந்த ஒரு நாளில் கிடைப்பது சில சமயம் நாலு நாள் பெரிய மாநாட்டில் கிடைக்காது.

மாணவர்களே நடத்துவனவும் உண்டு. ஹார்வர்டிலும் கொலம்பியாவிலும் கிழக்காசியா படிக்கும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறார்கள். முதல் முறை மேடை ஏறுபவருக்கு நல்ல இடம்.

இந்தியாவுக்குள் எங்கே போகலாம்?

தில்லியில் உள்ள சீன ஆய்வு நிறுவனத்தில் தொடங்குங்கள். 1969-ல் சீன ஆய்வுக் குழு என்று சில பேராசிரியர்களும் அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் கூடிப் பேச ஆரம்பித்தது, 1990-ல் நிறுவனமாக ஆனது. அவர்களுடைய புதன்கிழமைக் கருத்தரங்கு பிரபலம். ஆண்டுதோறும் அகில இந்தியச் சீன ஆய்வு மாநாட்டையும் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்துகிறார்கள். இளம் ஆய்வாளர்களுக்கு இந்தியாவில் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் கருத்து. கேட்பவர்களில் பலருக்கு மாண்டரின் தெரியும், எல்லோருக்கும் உங்களை வளர்த்துவிட ஆசை.

ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், தில்லிப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசிய ஆய்வுத் துறை, சாந்திநிகேதனில் தாகூரும் சீன அறிஞர் தான் யுன்-ஷானும் சேர்ந்து 1937-ல் உருவாக்கிய சீன பவன் ஆகியவற்றிலும் கருத்தரங்குகள் நடக்கும். சென்னையில் ஐ.ஐ.டி.யில் சீன ஆய்வு மையம் இருக்கிறது. 2008-ல் பதிவான சென்னைச் சீன ஆய்வு மையமும் கூட்டங்கள் நடத்துகிறது. அங்கே பாதுகாப்பும் வெளியுறவும்தான் அதிகம் பேசப்படும், இருந்தாலும் சென்னையிலேயே இருந்துகொண்டு தொடங்க நல்ல வாசல்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்தியாவில் சீனாவைப் பற்றி எத்தனையோ கூட்டம் நடக்கிறது, பெரும்பாலானவற்றில் பேச்செல்லாம் ராணுவமும் வணிகமும்தான். ஹெனான் மாகாணத்துக் கிழவி ஒருத்தி மருந்துச் செலவை எப்படிச் சமாளிக்கிறாள் என்று ஒருவர் பேச வந்தால் கடைசி நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரம் ஒதுக்குகிறார்கள். நீங்கள் நிறையப் பேராக வந்தால்தான் இது மாறும்.

சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், தைவான்?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசிய நிறுவனம் 1997-ல் தொடங்கியது. தற்காலச் சீனாதான் அவர்கள் வேலையே. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் சீன ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே இருக்கும் தமிழ் மாணவர்களுக்கு இவை பஸ் தூரம்தான்.

ஹாங்காங் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சீனாவுக்குள் வெளிநாட்டு ஆய்வாளர்கள் நுழைய முடியாத காலத்தில், 1963-ல், அங்கே பல்கலைக்கழகங்களுக்கான சேவை மையம் ஒன்றைத் திறந்தார்கள். எல்லை தாண்டி வந்தவர்களிடம் நாள்கணக்கில் உட்கார்ந்து பேசி, ஒரு கிராமத்தில் யாருக்கு எவ்வளவு தானியம் பங்கு கிடைத்தது என்பதுவரை எழுதிவைத்தார்கள். மாகாணச் செய்தித்தாள்கள், மாவட்ட வரலாற்று ஏடுகள் என்று சேர்த்த சேமிப்பு உலகப் புகழ் பெற்றது. மையத்தின் மதிய உணவுப் பேச்சுகளில் பேசாத, சீனாவைப் படிக்கும் ஆய்வாளர் குறைவு. 1988-ல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 2021-ல் தனி மையமாக இருந்ததைக் கலைத்து, சேமிப்பைப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்துவிட்டார்கள். புத்தகங்கள் இருக்கின்றன. அந்தச் சாப்பாட்டு மேசைதான் போய்விட்டது.

தற்காலச் சீனாவுக்கான பிரெஞ்சு ஆய்வு மையமும் ஹாங்காங்கில் 1991 முதல் இருக்கிறது, தைபேயில் ஒரு கிளையும் உண்டு. தைவானில் சியாங் சிங்-குவோ அறக்கட்டளை 1989 முதல் உலகெங்கும் சீன ஆய்வுக்கு நிதி தருகிறது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கீழே திரும்பவும் வரும்.

சீனாவுக்குள்ளேயே நடக்கும் மாநாடுகளுக்குப் போகலாமா?

கட்டாயம் போக வேண்டும். சீனச் சமூகவியல் சங்கத்தின் ஆண்டு மாநாடு கோடையில் வெவ்வேறு நகரங்களில் நடக்கும். எல்லாம் சீன மொழியில்தான்.

அந்தச் சங்கத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். 1952-ல் பல்கலைக்கழகங்களை மாற்றியமைத்தபோது சமூகவியல் துறையையே மூடிவிட்டார்கள். கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் அந்தப் பாடமே இல்லை. 1979 மார்ச்சில், இத்தனை நாள் ஒதுக்கிவைத்த பாடங்களில் சமூகவியலும் ஒன்று, விட்டதைச் சீக்கிரம் படித்தாக வேண்டும் என்று சீனத் தலைவர் தெங் சியாவ்பிங் சொன்னார். அதே ஆண்டு சங்கம் திரும்ப அமைந்தது. தலைவர் ஃபெய் சியாவ்தோங். 1936-ல் தாய் ஏரிக்குத் தெற்கே கைஷியான்கோங் என்ற பட்டுநூல் கிராமத்தில் கள ஆய்வு செய்து, லண்டனில் மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கியிடம் முனைவர் பட்டம் வாங்கியவர். 1957-ல் வலதுசாரி என்று முத்திரை குத்தி ஓரங்கட்டப்பட்டவர். எழுபதை நெருங்கும் வயதில் ஒரு துறையை அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. பேராசிரியர்கள் வயதாகிப்போயிருந்தார்கள், பாடப்புத்தகம் இல்லை. 1980 கோடையில் பெய்ஜிங்கில் ஒரு பயிற்சி வகுப்பு, 1981-ல் நான்காய் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறப்பு வகுப்பு. பிட்ஸ்பர்க்கிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள். அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள்தான் பிறகு நாடெங்கும் துறைகளை நடத்தினார்கள். ஒரு பயிலரங்கால் என்ன ஆகப்போகிறது என்று யாராவது கேட்டால் எனக்கு நான்காய் வகுப்புதான் ஞாபகம் வரும்.

அங்குள்ள நடைமுறை வேறு மாதிரி. முதல் நாள் காலையில் பல்கலைக்கழகத் தலைவர்களின் வரவேற்புரைகள், உடனே எல்லோரும் படிக்கட்டில் வரிசையாக நின்று குழுப் புகைப்படம். முன்வரிசை நாற்காலிகள் மூத்தவர்களுக்கு, அதில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கும். தவறிப்போய் உட்கார்ந்துவிடாதீர்கள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் சாப்பாடு, அப்புறம் கொஞ்சம் தூக்கம். அமர்வுக்கு ஒரு கருத்துரையாளர் இருப்பார், பெரும்பாலும் கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் வருவார். நிஜமான விவாதம் இரவுச் சாப்பாட்டு மேசையில் நடக்கும், அதைத் தவறவிடாதீர்கள். வீசாட் செயலியைப் போனில் போட்டுக்கொண்டு போங்கள், அது இல்லாமல் அங்கே யாரையும் பிடிக்க முடியாது.

விசா எப்படி?

கல்விப் பரிமாற்றத்துக்குப் போகிறவர்களுக்கு எஃப் வகை விசா, அழைப்புக் கடிதம் வேண்டும். ஆறு மாதம் வரையிலான படிப்புக்கு எக்ஸ்-2, அதற்கு மேல் எக்ஸ்-1. 2020-ல் நின்ற இந்திய-சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் திரும்பத் தொடங்கிவிட்டன. ஒரு விஷயம்: மாநாட்டுக்கு வாங்கிய விசாவில் போய்க் கிராமத்தில் பேட்டி எடுக்க இறங்காதீர்கள். வெளிநாட்டவர் தொடர்புடைய சமூக ஆய்வுகளுக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று 2004 முதல் தனி விதிமுறை இருக்கிறது. உளவுத் தடுப்புச் சட்டமும் 2023 ஜூலையிலிருந்து விரிவாகிவிட்டது. உங்களைவிட உங்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டவருக்குத்தான் அதிகத் தொல்லை.

எனக்கு மாண்டரின் தெரியாது. போகலாமா?

கேட்பதற்குத் தாராளமாகப் போகலாம். மொழியைத் தொடாமல் சீனச் சமூக ஆய்வாளராக ஆகிவிடலாம் என்று மட்டும் நான் பொய் சொல்ல மாட்டேன். எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வின் பழைய திட்டப்படி நான்காம் நிலைக்கு 1,200 சொற்கள், ஐந்தாம் நிலைக்கு 2,500. ஐந்தாம் நிலையைத் தாண்டினால் செய்தித்தாளை அகராதியோடு படிக்கலாம். இரண்டு மூன்று ஆண்டு உழைப்பு. மொழி படிக்கவே தைவான் கல்வி அமைச்சகம் உதவித்தொகை தருகிறது. கருத்தரங்கில் சந்திக்கும் முன்னாள் மாணவர்களிடம் கேட்டால் விண்ணப்ப நுணுக்கமெல்லாம் சொல்வார்கள்.

எந்தத் தலைப்பில் எழுதலாம்? எல்லாவற்றையும் யாரோ எழுதிவிட்டது போல இருக்கிறதே.

இல்லை. நம்மால் மட்டும் கேட்க முடிகிற கேள்விகள் இருக்கின்றன. சிவகாசியைத் தெரிந்தவர் ஹுனான் மாகாணத்து லியூயாங்கைப் படிக்கலாம், அதுவும் பட்டாசு ஊர்தான். ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு கெட்டுப்போனதால் சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதியில் வைத்து வேலை வாங்கும் முறையைப் பற்றிச் சீன ஆய்வாளர்கள் தென்சீனத் தொழில் நகரமான ஷென்ஜெனிலிருந்து ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கிறவர் யார்? நீங்கள்தான். சீனாவில் மருத்துவம் படித்துவிட்டு வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்! மருத்துவமனை வரிசை, நோயாளிக் குடும்பம், பணம் கட்டும் இடம் என்று அவர்கள் கண்ணால் பார்த்ததை ஒருவராவது உட்கார்ந்து கேட்டு எழுதினால், எந்த மாநாட்டிலும் அதற்கு இடம் கிடைக்கும்.

ஆய்வுச் சுருக்கம் எப்படி எழுதுவது?

பெரும்பாலும் 250 சொற்கள் கேட்பார்கள். தேர்வுக்குழுவில் இருப்பவர் ஒரே இரவில் ஐம்பது அறுபது படிப்பார், அதை மனதில் வையுங்கள்.

எனக்கு வரும் வரைவுகளில் பத்தில் ஏழு இப்படித்தான் தொடங்கும்: “சீனா உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரம். 1978-க்குப் பின் அங்கு பெரும் மாற்றங்கள் நிகழ்ந்தன.” இதைப் படிக்கப்போகிறவர்கள் வாழ்நாள் முழுக்கச் சீனாவைப் படித்தவர்கள். அவர்களிடம் இதைச் சொல்லி இரண்டு வரியை வீணாக்க வேண்டாம். “பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ள மகன் வேலை பார்க்கும் நகரத்துக்குப் போகும் கிராமத்துப் பாட்டிகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் செலவு செய்கிறார்கள்?” என்று தொடங்கிப் பாருங்கள். அடுத்து, இதுவரை எழுதியவர்கள் எதை விட்டுவிட்டார்கள் என்று இரண்டு வரி. அதற்கடுத்து எந்தத் தரவு, எத்தனை பேட்டி, எந்த ஊர். கடைசியில் நீங்கள் கண்டது. ஆய்வு முடியாவிட்டாலும் இதுவரை என்ன தெரிகிறது என்று துணிந்து எழுதுங்கள். “இக்கட்டுரை ஆராய முற்படுகிறது” என்று முடித்தால் உள்ளே சரக்கு இல்லை என்று நினைத்துவிடுவார்கள்.

முடிந்தால் தனிக் கட்டுரையாக அனுப்பாமல் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஓர் அமர்வாக அனுப்புங்கள். பெரிய மாநாடுகளில் தனிக் கட்டுரையைவிட அதற்கு வாய்ப்பு அதிகம். வெவ்வேறு நாடு, வெவ்வேறு பல்கலைக்கழகம், மூத்தவர் ஒருவர் என்று கலந்திருந்தால் இன்னும் நல்லது. மூத்தவருக்கு மின்னஞ்சல் எழுதக் கூச்சப்படாதீர்கள். அவருடைய எந்தக் கட்டுரை உங்களுக்கு எதைக் காட்டியது என்று நாலு வரியில் எழுதினால் பெரும்பாலும் பதில் வரும்.

நிராகரித்துவிட்டார்கள்.

எல்லோருக்கும் நடப்பதுதான். அதே சுருக்கத்தை நெறியாளரிடமும், துறைக்கு வெளியே இருக்கும் நண்பர் ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். நண்பருக்குப் புரியாத வரியைத் திருத்திவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.

தரவு எங்கே கிடைக்கும்? களத்துக்குப் போக வசதி இல்லை.

சீனப் பொதுச் சமூகக் கணக்கெடுப்பை ரென்மின் பல்கலைக்கழகம் 2003 முதல் நடத்துகிறது. பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் குடும்பத் தொடர் ஆய்வு 2010-ல் ஏறத்தாழ 15,000 குடும்பங்களோடு தொடங்கி, அதே குடும்பங்களைத் திரும்பத் திரும்பச் சந்திக்கிறது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சார்ல்ஸ் ஆய்வும் அதே பல்கலைக்கழகத்துடையது. இவற்றில் பல சுற்றுகளை மாணவர்கள் பதிவு செய்து வாங்கிப் பயன்படுத்த முடியும். சீனக் கட்டுரைகளின் பெரிய இணையச் சேமிப்பான சி.என்.கே.ஐ., 2023 ஏப்ரலில் ஆய்வேடுகள், மாநாட்டுக் கட்டுரைகள், புள்ளிவிவர ஏடுகள் போன்றவற்றை வெளிநாட்டுப் பயனர்களுக்குக் கட்டுப்படுத்தியது. தேடியது கிடைக்காவிட்டால் எழுதியவரையே மாநாட்டில் பிடித்துக் கேட்டுவிடுங்கள். இப்போதெல்லாம் மாநாட்டுக்குப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகவே ஆகிவிட்டது.

பணத்துக்கு என்ன வழி?

மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் குறைவு, சில மாநாடுகளில் வருமானம் குறைந்த நாட்டவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் குழுவின் உதவிக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் நேரமாகும், ஏற்புக் கடிதம் வந்த அன்றே எழுதிவிடுங்கள். ஏற்பாட்டாளருக்கு நேரடியாகவும் எழுதிக் கேளுங்கள். கேட்காதவருக்குக் கிடைக்காது.

ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டோம், பணம் கட்டுங்கள் என்று கடிதம் வந்திருக்கிறது. நம்பலாமா?

வேண்டாம். பொறியியல், மருத்துவம், சமூகவியல் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஒரே ஓட்டலில் மாநாடு என்றால் அது வியாபாரம். தேர்வுக்குழுவில் யார் என்று பாருங்கள், அவர்களில் ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள். போன ஆண்டு நிகழ்ச்சி நிரல் இருக்கிறதா என்று தேடுங்கள். சான்றிதழுக்காகக் கடன் வாங்கிப் பணம் கட்டி ஏமாந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

சீன அரசுக்குப் பிடிக்காத விஷயத்தைப் பேசலாமா?

பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் நிலைமை என்ன என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

2014 ஜூலையில் ஐரோப்பியச் சீனவியல் சங்கத்தின் மாநாடு போர்ச்சுகலில் பிராகாவிலும் கோயிம்ப்ராவிலும் நடந்தது. நிதி கொடுத்தவர்களில் சீன அரசின் ஹான்பானும் உண்டு, மேலே சொன்ன தைவான் அறக்கட்டளையும் உண்டு. வெளிநாடுகளில் சீன மொழி கற்பிக்கும் கன்ஃபூசியஸ் நிறுவனங்களை நடத்திவந்த ஹான்பானின் தலைவி ஷூ லின் வந்திறங்கினார். நிகழ்ச்சி நிரல் புத்தகத்தில் தைவான் அறக்கட்டளையின் பெயர் இருந்ததைப் பார்த்தார். மீதமிருந்த பிரதிகளை அவருடைய ஆள்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அந்தப் பக்கங்கள் கிழிக்கப்பட்டிருந்தன. முதல் நாளே வந்து வாங்கியவர் கையில் முழுப் புத்தகம், அப்புறம் வந்தவர் கையில் பக்கம் குறைந்த புத்தகம். சங்கம் விடவில்லை. கிழிக்கப்பட்ட பக்கங்களைத் தனியாக அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தது, கண்டன அறிக்கையும் வெளியிட்டது. இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், தணிக்கை என்பது எங்கோ இருக்கும் அலுவலகத்தில் மட்டும் நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் கையில் இருக்கும் நிகழ்ச்சி நிரலிலும் நடக்கும். மாநாட்டுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இதற்குப் பிறகுதான் வந்தது.

2017 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம், சீன ஆய்வுக்குப் பேர்போன தன் காலாண்டிதழின் 315 கட்டுரைகளைச் சீனாவுக்குள் படிக்க முடியாமல் தடுத்தது. ஆய்வாளர்கள் கொதித்தெழுந்ததும் சில நாளில் முடிவை மாற்றிக்கொண்டது. 2021 மார்ச்சில் பெர்லினில் உள்ள மெரிக்ஸ் ஆய்வு நிறுவனத்தின் மீதே சீனா தடை விதித்தது.

இதைப் படித்துவிட்டுப் பயந்து தலைப்பை மாற்ற வேண்டாம். சாதாரண மக்களின் முதுமை, கல்வி, குடும்பம் பற்றிச் சீன ஆய்வாளர்களே மிகக் கூர்மையாக எழுதுகிறார்கள். அவர்களைப் படித்து, மேற்கோள் காட்டி, அவர்கள் முன்னால் பேசுங்கள்.

சீனாவிலிருந்து வரும் ஆய்வாளர்களிடம் எப்படி நடந்துகொள்வது?

விருந்தாளியிடம் நடந்துகொள்வது போல. அரசுப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர் வெளிநாடு வர மேலிடத்து அனுமதி வாங்கிக்கொண்டுதான் வந்திருப்பார். “ஷின்ஜியாங்கில் உய்கூர் முஸ்லிம்கள் நடத்தப்படும் விதம் பற்றி உங்கள் கருத்து என்ன?” என்று நூறு பேர் முன்னால், பதிவாகிக்கொண்டிருக்கும் கேமரா முன்னால் கேட்பது துணிச்சல் இல்லை. பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பாதிப்பு அவருக்குத்தான். அவருடைய கட்டுரையைப் பற்றிக் கேளுங்கள். மீதியை அவரே பேச விரும்பினால் தேநீர் இடைவேளையில் பேசுவார், அதை வெளியே சொல்லாதீர்கள், படம் எடுத்துப் போடாதீர்கள்.

உங்களுக்குப் பேட்டி தந்தவர்களையும் இதே அக்கறையோடு காப்பாற்றுங்கள். ஆள் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. “அந்த மாவட்டத்தில் இரட்டைக் குழந்தை பெற்ற ஒரே ஆசிரியை” என்று எழுதினால் ஊரே கண்டுபிடித்துவிடும். 

இளங்கலை மாணவர் வரலாமா?

வரலாம். பேச வேண்டாம், கேளுங்கள். ஒரு நோட்டு, இரண்டு பேனா.

இணைய வழியில் கலந்துகொண்டால் போதுமா?

கேட்பதற்குப் போதும். தில்லிப் புதன்கிழமைப் பேச்சு முதல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் மதியப் பேச்சு வரை பலவற்றைக் காசில்லாமல் வீட்டிலிருந்தே கேட்கலாம், கோவில்பட்டியில் இருந்தாலும் கேட்கலாம். என் அம்மா-மகன் கட்டுரையைத் திருத்திய கேள்வியைத் திரையிலும் கேட்டிருக்கலாம்தான். ஆனால் அமர்வு முடிந்ததும் அந்தப் பேராசிரியை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, காகிதக் கைக்குட்டையில் மூன்று கட்டுரைத் தலைப்புகளைச் சீன எழுத்தில் எழுதிக்கொடுத்தார். அது நேரில் போனதால்தான் கிடைத்தது.

மாநாடு முடிந்து வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு நாளுக்குள் உட்கார்ந்து, உங்களிடம் கேட்கப்பட்ட எல்லாக் கேள்விகளையும் எழுதிவிடுங்கள், பதில் சொல்ல முடியாதவற்றை முதலில். யாருக்கெல்லாம் கட்டுரை அனுப்புவதாகச் சொன்னீர்களோ அவர்களுக்கு அந்த வாரமே அனுப்புங்கள். கருத்துரையாளருக்கு, அவர் சொன்னதில் எதை ஏற்று எதை மாற்றினீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். அப்புறம் உங்கள் துறையில் ஒரு மாலை வேளையில் பத்து மாணவர்களைக் கூட்டி, அங்கே கேட்டதைத் தமிழில் சொல்லுங்கள். டீ, வடை செலவு பெரிதாக வராது.